கொஞ்சம் அட்ஜஸ்ட்

சுகந்தவல்லியின் ஜன்னலோர இருக்கையில் ஏற்கெனவே நான்கு பேரும் ஒரு பீரோவும் உட்கார்ந்திருந்தார்கள். முன்பதிவுப் பெட்டியில் இது வழக்கம்தான். மதுரையில் கணவன் கந்தவேல் காத்திருந்தான். ஆறு வருடம் மாமியார் வீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தபின் கிடைத்த தனிக்குடித்தனம்.

“இது என் சீட்டு.”

“கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா,” என்றார் நடுவில் இருந்தவர். ஓய்வுபெற்ற மொழியியல் பேராசிரியர். எங்கோ அவருக்குப் போர்த்திய பொன்னாடை பக்கத்தில் தனி இடம் பிடித்திருந்தது.

அவள் ஒடுங்கி உட்கார்ந்தாள். ஒரு சாண் குறைந்துபோனாள்.

“டிக்ஷனரியில அட்ஜஸ்ட்டுக்குச் சரிசெய்யறதுன்னு போட்டிருக்கே சார்?”

“அது வெள்ளைக்காரனுக்கு. நம்ம ஊர்ல நீ சரியா இருக்கறதுதாம்மா கோளாறு.”

மற்றவர்கள் கைதட்டினார்கள். பொன்னாடையும் தட்டியது.

முறுக்கு விற்றவர் சில்லறைக்குப் பதில் அந்த வார்த்தையைக் கொடுத்தார். இன்னொரு சாண். யாரோ ஒருத்தி கைக்குழந்தையை அவள் மடியில் இறக்கி, அதையே சொல்லிவிட்டுப் போனாள். குழந்தை இப்போது அவளைவிடப் பெரிதாக இருந்தது.

டிக்கெட் பரிசோதகர் வந்தார்.

“பேரு சரி. ஆளு சின்னதா இருக்கியே! கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணு.”

பழக்கதோஷத்தில் நகர்ந்துகொண்டாள்.

“அந்த அட்ஜஸ்ட் இல்லம்மா!”

பேராசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். “இடம் பார்த்துப் பொருள் எடுத்துக்கணும். படிச்ச பொண்ணாம்!”

பீரோவுக்குப் புரிந்தது. கதவை லேசாகத் திறந்தது. பரிசோதகர் உள்ளே கைவிட்டுப் பணத்தை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். டிக்கெட்டைப் பீரோவிடமே நீட்டினார்.

“சுகந்தவல்லி. பெண். பொருந்துது.”

“நான்தான் சுகந்தவல்லி!”

“கத்தாதே. சுகந்தவல்லி தூங்கறாங்க.”

பேராசிரியர் குழந்தைக்கு அடியிலிருந்து அவளை இரண்டு விரலால் தூக்கி, தண்ணீர் பாட்டில் வைக்கும் வலையில் போட்டார்.

மதுரை வந்தது. கந்தவேல் ஏறி, பீரோவைக் கைத்தாங்கலாக எழுப்பினான்.

“வழியில கஷ்டமா இருந்துச்சா?”

“அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டேங்க,” என்றது பீரோ.

அவன் கண் கலங்கியது. “இந்த ஒரு வார்த்தைக்குத்தான் ஆறு வருசமா காத்துக்கிடந்தேன்.”

“என்னங்க! இங்க பாருங்க!”

அவன் திரும்பினான். வலைக்குள் பார்த்தான். அடையாளம் கண்டுகொண்டான்.

“கொஞ்சம்...” என்று ஆரம்பித்தான்.

சுகந்தவல்லி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.