திருப்பி விட்ட தண்ணீர்

அண்ணன் பெண்டாட்டிக்கும் தம்பி பெண்டாட்டிக்கும் பேச்சு நின்று போனதற்கு நகையோ நிலமோ காரணமில்லை, வெந்நீர்தான் காரணம். வெந்நீர் என்றால் கொதிக்கிற தண்ணீர்கூட இல்லை. பூமிக்கு அடியிலிருந்து அதுபாட்டுக்கு வெதுவெதுப்பாக மேலே வரும், தாராளமாகக் குளிக்கலாம். இந்த அழகுக்குத்தான் அந்த வீட்டில் அத்தனை குடுமிப்பிடி.

இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் ஒரே ஆழ்துளைக் கிணறு. அதிலிருந்து ஒரு குழாய் மூத்தவளின் மீன்குஞ்சுப் பண்ணைக்கும், இன்னொன்று இளையவளின் கண்ணாடிக் கூரை போட்ட நாற்றங்காலுக்கும் போகும். சூட்டைக் கொடுத்துவிட்டு ஆறிப்போன தண்ணீர், தோட்டத்துக் கோடியில் இருக்கும் இரண்டாவது துளை வழியாக மறுபடி மண்ணுக்குள் இறங்க வேண்டும். துளை போட்ட இன்ஜினியர் அன்றைக்கே சொல்லியிருந்தார். தண்ணீர் வெறும் பாத்திரம், பூமி அதில் சூட்டை ஊற்றித் தருகிறது, இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பித் தராதவனுக்கு அடுத்த தடவை யார் தருவார்கள் என்று. மூத்தவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். புருஷன் காதில் விழுகிற மாதிரி ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்லிவிடுவாள்.

சொல்லி என்ன, கிணற்றில் மட்டம் இறங்கிக்கொண்டேதான் போனது. மோட்டார் காற்றை இழுத்து இருமியது. அதுவும் குளிர் ஆரம்பித்த நேரம். தொட்டிகளில் அப்போதுதான் பொரித்த குஞ்சுகள், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் துள்ளிக்கொண்டிருந்தன. தண்ணீர் ஆறினால் அத்தனையும் வயிற்றைக் காட்டி மிதந்துவிடும், அவளுக்கு அந்த வருஷமே போச்சு.

பழி போட ஆளைத் தேட வேண்டியதில்லை, சுவருக்கு அந்தப் பக்கமே இருந்தாள். ஓரகத்தி என்று ஒருத்தி எதற்கு இருக்கிறாள்? இளையவள்தான் ஆறின தண்ணீரை மண்ணுக்குள் விடாமல் செடிக்குப் பாய்ச்சிவிடுகிறாள் என்று மூத்தவள் நாத்தனாரிடம் சொன்னாள், கொழுந்தனிடம் சொன்னாள், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொன்னாள். மீன் கொட்டகைக்குப் பின்னால் கோரைப்புல் மண்டிய வாய்க்காலில் தவளைகள் கத்தித் தூக்கத்தைக் கெடுத்தன. அந்தத் தவளைகளையும் இளையவள் கணக்கிலேயே எழுதினாள். இளையவளும் லேசுப்பட்டவள் இல்லை. தன் வாய்க்கொழுப்புக்கு ஊரையே வறுக்கலாம் என்று அக்கா நினைக்கிறாள் என்று சுவர் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கடைசியில் மூத்தவளே இன்ஜினியரை வரவழைத்தாள். அவர் மட்டத்தை அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இந்த மட்டத்தில் இரண்டு பேருக்கும் தாங்காது, ஊறி மேலே வருகிறவரை யாராவது ஒருவர் வால்வை மூடித்தான் ஆக வேண்டும் என்றார். மூத்தவள் காத்திருந்தது இதற்குத்தான்.

"யார் தண்ணி திரும்பி வரலையோ அவங்க மூடட்டும். அவங்க கையாலயே மூடட்டும்."

"இது உங்களுக்கும் சேர்த்துத்தானே அக்கா?" என்றாள் இளையவள்.

"எனக்கும் சேர்த்துத்தாண்டி."

இன்ஜினியர் நாற்றங்காலிலிருந்து வெளியேறும் குழாயில் சிவப்புச் சாயமும், மீன் பண்ணையிலிருந்து வெளியேறும் குழாயில் பச்சைச் சாயமும் ஊற்றினார். எல்லோரும் தோட்டத்துக் கோடிக்குப் போய், இரண்டாவது துளையின் வாயில் கட்டியிருந்த சின்னத் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். சிவப்பு வந்தது. நன்றாக, தாராளமாக வந்தது. பச்சை வரவில்லை. என் குழாய் நீளம், மெதுவாகத்தான் வரும் என்றாள் மூத்தவள். மறுபடியும் சொன்னாள். இன்ஜினியர் குழாயைப் பிடித்துக்கொண்டே நடந்து கொட்டகைக்குப் பின்னால் போனார், கோரையை விலக்கினார். வாய்க்கால் முழுக்கப் பச்சை. தவளைகள் தொபுக் தொபுக்கென்று அதில் குதித்தன.

மூத்தவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். மனுஷன் அவசரமாக ஆரம்பித்தான்.

"வடிகட்டி கழுவின அன்னைக்கு நீதானே உள்ளேயிருந்து கேட்டே, தண்ணியத் திருப்பி விட்டாச்சான்னு? அழுக்குத் தண்ணி போகட்டும்னு வாய்க்கால் பக்கம் திருப்பி விட்டிருந்தேன். விட்டாச்சுன்னேன்."

மழைக்கு முந்தின அந்தப் பகல் அவளுக்கு நினைவு வந்தது. மோட்டார் இரைச்சலில் அவள் கத்தினதும், அவன் கத்தினதும். மண்ணுக்கே திருப்பிக் கொடுத்தாச்சா என்ற அர்த்தத்தில்தான் அவள் கேட்டாள். வேறு பக்கம் திருப்பியாச்சு என்ற அர்த்தத்தில் அவன் சொன்னான். கழுவி முடித்தபின் குழாயைப் பழையபடி மாட்ட வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை. இரண்டு பேருக்கும் வேலை முடிந்துவிட்டது. அன்றையிலிருந்து பூமி கொடுத்த பாத்திரமெல்லாம் தவளைக்குப் போய்க்கொண்டிருந்தது.

குழாயை இப்போதே மாற்றிவிடலாம், ஆனால் மட்டம் ஏற இந்தக் குளிர் முழுக்க ஆகும் என்றார் இன்ஜினியர். மூத்தவள் வாயைத் திறந்தாள். குஞ்சுகள் என்று சொல்லத்தான். அதற்குள் இளையவள் நாற்றங்காலுக்குப் போய் வால்வுச் சாவியை எடுத்து வந்துவிட்டாள். முகத்தில் சிரிப்பில்லை, கோபமும் இல்லை. இத்தனை மாதம் ஊரெல்லாம் கேட்ட பேச்சு அவள் கண்ணில் இருந்தது.

"நீங்களே திருப்புங்க அக்கா."

மீன் பண்ணைக்குப் போகும் குழாயின் வால்வு இறுகியிருந்தது. புருஷன் கை கொடுக்க வந்தான். அவனைத் தள்ளிவிட்டு அவளே திருப்பினாள். குழாய்க்குள் ஓடிக்கொண்டிருந்த சத்தம் மெலிந்து நின்றது. இளையவள் சாவியை வாங்கிக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் போனாள்.

மூத்தவள் கொட்டகைக்குள் வந்து தொட்டிக்குள் கையை விட்டாள். குஞ்சுகள் எப்போதும்போல் குழாயை ஒட்டிக் கூட்டமாக நின்றன. குழாய் இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.