அந்தப் பக்கத்து மூச்சு

...அடுத்த வாரத்திலிருந்து நேரில் வரவேண்டுமாம், ஊரடங்கெல்லாம் முடிந்து பழைய ஆலோசனை அறையைத் திறந்துவிட்டாராம் அனுராதா மேடம், மின்விசிறிகூடப் புதுசாம்... எனக்கு எதற்கு மின்விசிறி? கொக்கிரகுளத்து ஆற்றுக்காற்று வருகிறது, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருக்கிறேன், இதுவே போதும். "நேர்ல பேசுனா இன்னும் நல்லா இருக்கும்லா டார்லின்," என்கிறார். வரமாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார், மனநல ஆலோசகர் அல்லவா, கேட்பதுதானே வேலை. படியிலிருந்து மாமியாரின் குரல், "யார்ட்டட்டி இவ்வளவு நேரமா பேசுத?" பள்ளிக்கூட விஷயம் அத்தை என்று புளுகுகிறேன். மகனைப் பறிகொடுத்தவள், அவளுக்கு யார் ஆலோசனை சொன்னார்கள்... ஜெபம் பண்ணுகிறாள், தூங்கிவிடுகிறாள், கொடுத்துவைத்தவள்.

என்ன காரணம் சொல்வது? மேடம், நீங்கள் பேசுவதைக் கேட்க நான் கூப்பிடுவதில்லை, பேசாமல் இருப்பீர்களே, அதற்குத்தான் என்றா? ஒரு கேள்வி கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்காக அமைதியாகிவிடுவார். அந்த அமைதியில் ஒரு மூச்சு கேட்கும், இழுத்து, நின்று, விட்டு... என் புருஷன் கிங்ஸ்லியிடமிருந்து கடைசியாக எனக்குக் கிடைத்ததும் அதுதான். கொரோனா வார்டுக்குள் யாரையும் விடவில்லை, நர்ஸ் இசக்கியம்மா தன் போனை அவன் காதில் வைத்தாள், முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க், நான் மட்டும் வந்துரு கிங்ஸ்லி, வந்துரு என்று கத்திக்கொண்டிருந்தேன். ஏட்டி ஏட்டி என்று என்னைக் கூப்பிட்டே வீட்டை ரெண்டாக்குகிறவன், ஒரு ஏட்டிகூட வரவில்லை, மூச்சு மட்டும். முகத்தைக்கூடக் காட்டாமல் புதைத்தார்கள். போனில் கேட்பது மேடத்தின் மூச்சு என்று எனக்குத் தெரியாதா, எனக்கென்ன பைத்தியமா? தெரிந்தேதான் அவனுடையதாக வைத்துக்கொண்டேன். நேரில் போனால் அந்த மூச்சுக்கு ஒரு முகம், ஒரு மூக்கு, மூக்குத்தி எல்லாம் வந்துவிடும், பிறகு அவன் எங்கே போவான்?

"போன்லயே பேசலாமே மேடம்," என்று கெஞ்சுகிறேன். மேடம் சிரிக்கிறார். "ஐயோ, எங்க வீட்டுல ஒரே சத்தம் டார்லின், குக்கர், டிவி, மாமனார் இருமல்... உங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு, கேள்வி கேட்டதுமே மியூட்ல போட்டுருவேன். நீங்க பேசி முடிச்சபிறகுதான் எடுப்பேன்."

மியூட்டா?

"எப்பவுமா மேடம்?"

"முதல் நாள்ல இருந்தே. சரி, வாரீங்களா? யோசிச்சுப் பைய சொல்லுங்க." அமைதியாகிவிட்டார். அப்படியென்றால் இப்போதும் மியூட்தான், குக்கர் இல்லை, இருமல் இல்லை, ஒன்றும் வரக்கூடாது... வருகிறதே. இழுத்து, நின்று, விட்டு. அடச்சீ, என்னுடையதாகத்தான் இருக்கும், என் மூச்சே என் காதில் விழுகிறது, வேறென்ன? ஒரு நொடி அடக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். அது நிற்காவிட்டால்... மூக்கைப் பிடிக்கப் போன கை பாதியில் நிற்கிறது. இல்லை, அதற்கல்ல என் பயம். அதுவும் நின்றுவிட்டால்? கையை இறக்கிக்கொள்கிறேன். மேடம் பதிலுக்குக் காத்திருக்கிறார், நான் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறேன்.