பெயர் மாற்றிக்கொண்ட கொழுந்தன்

என் புருஷன் பைமோவா அந்த ஸ்பானியச் சிப்பாயோடு பெயர் மாற்றிக்கொண்ட அன்று ஊரே கூடி ஆடியது. எங்கள் தீவில் பெயரைக் கொடுப்பது விளையாட்டுக் காரியம் இல்லை. இவன் அவனாகிறான், அவன் இவனாகிறான். ஒருவன் மேல் மற்றவன் கை ஓங்கினால் தன்னையே அடித்துக்கொண்ட மாதிரி. அன்று முதல் என் புருஷன் தெல்லோ. அந்தத் தாடிக்காரன் பைமோவா.

எனக்கு அவன் கொழுந்தன். ஒரே மழைக்காலத்தில் எங்கள் பேச்சைப் பிடித்துக்கொண்டான். மரவள்ளி அடை சுட்டுப் போட்டால் ஐந்து, ஆறு என்று உள்ளே தள்ளுவான்.

"கொழுந்தனாரே, ஆத்துல ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்தாத்தான் அடுத்த அடை. நாத்தம் குடலைப் புடுங்குது."

"குளிச்சா காய்ச்சல் வரும் அண்ணி."

"உங்க நாத்தத்துலதான் எங்களுக்குக் காய்ச்சலே வருது!"

என் புருஷன் விழுந்து விழுந்து சிரிப்பார்.

மழை ஓய்ந்ததும், ஸ்பானியர்களுக்குத் தங்கம் தோண்ட இனி ஆள் அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார் எங்கள் தலைவர். மறுநாள் காலையில் சிப்பாய்கள் வந்து குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். ஆண்கள் அதற்குள் மலைக்கு ஓடிவிட்டார்கள். என் புருஷன் அருவிக்குப் பின்னால் இருந்த குகையில் ஒளிந்தார். அந்த இடம் எனக்கு மட்டும்தான் தெரியும். என் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கேட்டார்கள், உதைத்துக் கேட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் கொழுந்தன் வந்தான். மற்றவர்களை விலக்கிவிட்டு என் பக்கத்தில் குந்தினான்.

"அண்ணி, பைமோவா கேக்கறேன். தெல்லோ எங்க? இவனுங்க கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நான் போயிக் கூட்டிட்டு வந்துடறேன்."

அவன் கேட்டது என் புருஷனே கேட்ட மாதிரி. அந்தப் பெயரிடம் எதை மறைப்பது? சொன்னேன். சீக்கிரம் போங்க என்று அவசரப்படுத்தியும் விட்டேன், பாவி நான். அவருக்குப் பசிக்குமே என்று என் மடியில் இருந்த இரண்டு அடையையும் கையில் கொடுத்து அனுப்பினேன்.

உச்சிவேளையில் அவரைக் கொண்டுவந்தார்கள். கைகளைப் பின்னால் கட்டியிருந்தார்கள். கழுத்தில் சுருக்கு. கயிற்றின் மறுமுனை கொழுந்தன் கையில் இருந்தது. என் அடையை அவன் மென்றுகொண்டிருந்தான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சத்தியமாகப் புரியவில்லை. ஒருத்தன் தன்னையே எப்படித் தூக்கில் போடுவான்?

"பைமோவா! பைமோவா!" என்று அவனைப் பார்த்துக் கத்தினேன். அவன் திரும்பவே இல்லை. யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்தானோ என்னவோ.

கயிற்றை இலவமரத்துக் கிளைமேல் போட்டார்கள். குதிரைமேல் இருந்த அவர்களுடைய தளபதி கத்தினான்: "தெல்லோ!"

"என்னங்க?" என்றார் என் புருஷன், சுருக்கோடு தலையை நிமிர்த்தி.

சிப்பாய்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கொழுந்தனும் சிரித்தான். வாயில் அடை இருந்ததால் புரையேறிவிட்டது. இருமி முடித்துவிட்டுக் கயிற்றை இழுத்தான்.