முப்பத்தேழாவது வட்டம்

மருந்துக்கடை அக்காவுக்குக் கை சும்மா இருக்காது. வாரத்தில் ஆறு நாள் கவுண்ட்டருக்குப் பின்னால் நின்று, டாக்டர்களின் கோழிக் கிறுக்கலைக் கண்ணை இடுக்கிப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுப்பார். ஏழாவது நாள் ஊர் உலகமெல்லாம் காலை நீட்டிப் படுத்திருக்கும்போது, பையில் நான்கு பேனாவைப் போட்டுக்கொண்டு, பார்வையில்லாதவர்களுக்குப் பரீட்சை எழுதிக் கொடுக்கக் கிளம்பிவிடுவார். "ஊருக்கெல்லாம் எழுதறே. வீட்டுக்கு ஒரு சாமான் லிஸ்ட் எழுதச் சொன்னா மட்டும் கை வலிக்குது" என்று கணவர் குத்திக் காட்டுவார். அதில் உண்மை இல்லாமலும் இல்லை.

இந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. விதி ஒன்றே ஒன்று. கேள்வியைப் படித்துக் காட்ட வேண்டும், அவர் சொல்லும் விடையை எழுத வேண்டும், அத்தோடு சரி. எழுதுகிறவருக்கு விடை தெரியுமா தெரியாதா என்று யாரும் கேட்கவில்லை. ஆள் அனுப்பும் பார்வையற்றோர் சங்கத்தின் செயலாளர் ஒவ்வொரு தடவையும் சொல்லித்தான் அனுப்புவார்: "கண்ணையும் கையையும் மட்டும் கொண்டுபோங்க. மூளையை வீட்டுல பூட்டி வச்சிட்டுப் போங்க."

போன வருடம் வரை அக்கா அப்படித்தான் இருந்தார். போன வருடம் ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு எழுதினார். அந்தப் பெண் ஒரு விடையைத் தப்பாகச் சொன்னாள். சரியான விடை அக்காவின் நாக்கு நுனியில் நின்றது. விதியை நினைத்து அதை விழுங்கிவிட்டு, தப்பையே முத்து முத்தாக எழுதினார். அந்தப் பெண் ஒரே ஒரு மதிப்பெண்ணில் தவறிப்போனாள். அவள் அம்மா கடைக்கே தேடி வந்து, "ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எழுதினீங்களே, அதுவே பெரிசும்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூட ஆறிப்போயிருக்கும். அந்த நன்றி நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

இந்த வருடம் அவருக்குக் கிடைத்தவர் ஒரு எலக்ட்ரீஷியன். முப்பத்தெட்டு வயது. நான்கு வருடத்துக்கு முன் மின்பலகை ஒன்று முகத்துக்கு நேரே வெடித்துப் பார்வை போனது. கை போகவில்லை. அக்கம்பக்கத்தில் யார் வீட்டு மேஜை விசிறி மக்கர் பண்ணினாலும் இவரிடம்தான் வரும். தடவித் தடவியே பிரித்து, எந்த வயர் எங்கே இருந்தது என்று மனதில் குறித்துக்கொண்டு, சரிபண்ணித் திருப்பிக் கொடுப்பார். காசு கொடுத்தால் கோபம் வரும். வீட்டை ஓட்டியது மனைவியின் தையல் மெஷின். பெரிய ஆஸ்பத்திரியில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலைக்குத்தான் இப்போது பரீட்சை. நூற்றுக்கு அறுபது எடுத்தால் வேலை. வயது வரம்பு நெருங்கிவிட்டதால் இதை விட்டால் இன்னும் ஒரே ஒரு முறைதான் எழுத முடியும்.

தனி அறை கொடுத்திருந்தார்கள். காலாடும் மேஜை, இரண்டு நாற்காலி. கண்காணிப்பாளர் இந்த அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். நூறு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை, நான்கு வட்டம். சரியான வட்டத்தைப் பேனாவால் கறுப்பாக்க வேண்டும். திருத்துவது மெஷின். அழிக்க முடியாது, ஒரு கேள்விக்கு இரண்டு வட்டம் கறுத்திருந்தால் பூஜ்யம்.

முப்பத்தேழாவது கேள்வியை அக்கா படித்தார். "முப்பது மீட்டர் கயிறு ஒன்று ஐந்து ஐந்து மீட்டர் துண்டுகளாக வெட்டப்படுகிறது. எத்தனை முறை வெட்ட வேண்டும்? நான்கு, ஐந்து, ஆறு, ஏழு."

"அஞ்சு. ரெண்டாவது வட்டம்" என்றார் எலக்ட்ரீஷியன். யோசிக்கக்கூட இல்லை.

அக்காவின் பேனா அந்தரத்தில் நின்றது. முப்பதை ஐந்தால் வகுத்தால் ஆறு. மூன்றாம் வகுப்புப் பிள்ளை தூக்கத்தில் சொல்லும். மனுஷன் அவசரத்தில் வாய் தவறிவிட்டார். கல்லூரிப் பெண்ணின் அம்மா கையைப் பிடித்த இடம் இப்போதும் சுட்டது. கண்காணிப்பாளர் அடுத்த அறைப் பக்கம் திரும்பியிருந்தார். அக்கா மூன்றாவது வட்டத்தைக் கறுப்பாக்கினார். உள்ளுக்குள் இனித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வருடத்து முள்ளைப் பிடுங்கிப் போட்ட நிம்மதி. மற்ற தொண்ணூற்றொன்பதிலும் அவர் சொன்னதைத்தான் எழுதினார்.

கடைசியில் இருபது நிமிடம் மிச்சம் இருந்தது.

"எல்லா விடையையும் ஒரு தடவை படிச்சுக் காட்டுறீங்களாக்கா? மனசுல ஒத்துப் பார்த்துக்கறேன்."

அக்கா படித்தார். முப்பத்தேழு வந்தது. ஆறு என்று படித்தால் இவர் கேட்பார், கண்காணிப்பாளர் எழுந்து வருவார். "ஐந்து" என்று படித்தார்.

எலக்ட்ரீஷியன் சிரித்தார். "அதுல பாதிப் பேர் ஆறுன்னு போட்டிருப்பாங்கக்கா. வயர் வெட்டினவனைக் கேட்டாத் தெரியும். ஆறு துண்டு வரும், ஆனா அஞ்சு வெட்டுதான். கடைசித் துண்டு தானா நிக்கும், அதை எதுக்கு வெட்டணும்?"

அக்கா மறுபடி தாளைப் பார்த்தார். கறுத்த வட்டம் தாளிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. கண்காணிப்பாளரிடம் சொல்லலாம். சொன்னால் மொத்தத் தாளும் ரத்து, அதுவும் விதிதான். சொல்லாவிட்டால் போவது ஒரு மதிப்பெண். முப்பத்தெட்டாவது விடைக்குத் தாவினார்.

"குரல் கம்முதேக்கா" என்று எலக்ட்ரீஷியன் தன் தண்ணீர் பாட்டிலைத் தடவி எடுத்து நீட்டினார். "ரெண்டு மணி நேரமா எனக்காகக் கத்தறீங்க. குடிங்க, அப்புறம் படிக்கலாம்."

அக்கா குடித்தார். பிறகு மிச்ச விடைகளையும் படித்து முடித்தார்.

அடுத்த ஆறு வாரமும் அக்கா ஒரே வேண்டுதல்தான் வேண்டினார். எழுபது எடுத்துவிடட்டும், அறுபத்தைந்தாவது எடுத்துவிடட்டும், ஒன்று போனது யாருக்கும் தெரியாமல் போகட்டும். அப்படியெல்லாம் நம் வசதிக்கு நடந்துவிடுமா என்ன. ஒரு நாள் எலக்ட்ரீஷியனின் மனைவி தலைவலி மாத்திரை கேட்டு மருந்துக்கடைக்கு வந்தார்.

"அம்பத்தொம்பதுக்கா" என்றார்.

அக்கா மாத்திரை அட்டையைப் பிடித்தபடியே நின்றார்.

"சரியான விடையெல்லாம் வெளியிட்டாங்க. நான் படிக்கப் படிக்க அவர் ஞாபகத்துலேருந்து ஒத்துப் பார்த்தாரு. அறுபது வந்துச்சு. குதிச்சாரு. அப்புறம் ரிசல்ட்ல அம்பத்தொம்பது. விடைத்தாளைக் கேட்டுப் பார்க்கலாம்னு சொன்னேன். 'அக்கா படிச்சுக் காட்டினாங்க, மெஷின் எண்ணுச்சு. மிச்சம் இருக்கறது என் தலை ஒண்ணுதான், அதுதான் பிசகிடுச்சு'ன்னுட்டாரு. இப்ப அடுப்பை அணைச்சோமான்னு நாலு தடவை என்னைக் கேக்கறாரு. பக்கத்து வீட்டு விசிறியைப் பிரிச்சுப் போட்டு ரெண்டு வாரம் ஆச்சு. மாட்டவே மாட்டேங்கறாரு."

மாத்திரைக்கு அக்கா காசு வாங்கவில்லை. வாங்காததற்காக அவர் நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா பேனா எடுக்காமல் கிளம்பினார். இரண்டாவது மாடி வீடு. முன்னறையில் தையல் மெஷின், வெட்டிய துணிகள், ஜன்னலோரம் மேஜை. மேஜையின் மேல் விசிறி குடல் உருவிக் கிடந்தது. அதன் முன்னால் எலக்ட்ரீஷியன் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்கக்கா" என்றார். கால் சத்தத்திலேயே தெரிந்துகொண்டார். "உங்க உழைப்பையும் வீணாக்கிட்டேன். எங்கேயோ வாய் தவறிச் சொல்லியிருக்கேன். நீங்க திரும்பப் படிச்சப்பவும் கோட்டை விட்டிருக்கேன். இந்த விசிறியில எந்த வயர் எதுல இருந்துச்சுன்னு ஒரு நினைப்பு இருக்கு. அந்த நினைப்பை நம்பலாமான்னுதான் தெரியல."

அக்கா வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த பேச்சை விட்டுவிட்டார். மன்னிப்பு என்றுகூடச் சொல்லாமல் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"நீங்க வாய் தவறல தம்பி. முப்பத்தேழாவது கேள்வி, கயிறு. நீங்க அஞ்சுன்னீங்க. நான் ஆறுன்னு போட்டேன். நீங்க தப்பா சொல்றீங்கன்னு நினைச்சேன்."

சமையலறை வாசலில் மனைவி வந்து நின்றார். தெருவில் ஏதோ வண்டி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"நான் என்ன சொன்னேன்?"

"அஞ்சு."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"அஞ்சுன்னு சொன்னீங்க தம்பி. நீங்க சொன்னதுதான் சரி."

எலக்ட்ரீஷியன் மூச்சை நீளமாக விட்டார். வாரக் கணக்கில் அடைத்துவைத்த மூச்சு அது. கைகள் தானாக எழுந்து மேஜைக்குப் போயின. தடித்த வயரைத் தேடி எடுத்தன, மெல்லியதைப் பிரித்தன. "தடிச்சது மேல, மெல்லிசு கீழ" என்று முணுமுணுத்தார். "நான் நினைச்சது சரிதான்." முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்க்க அக்காவுக்குத் தாங்கவில்லை.

"நான் நாளைக்கே அந்த ஆபீசுக்குப் போய் ஒத்துக்கறேன்" என்றார்.

"வேணாம். என் பேப்பரைத்தான் ரத்து பண்ணி, இனிமே எழுதவே கூடாதும்பாங்க. இருக்கற ஒரு வாய்ப்பும் போயிடும்." ஸ்குரூவைத் திருகியபடியே அவர் கேட்டார். "திரும்பப் படிச்சீங்களே, அப்ப அஞ்சுன்னுதானே படிச்சீங்க?"

"ஆமா."

அவர் ஸ்குரூவை இறுக்கி முடித்தார்.

"ஆறுன்னு போட்டது எனக்காகத்தான், அது புரியுது. அதுல எனக்கு வருத்தம் இருக்கு, கோபம் இல்ல. ஆனா படிச்சுக் காட்டினது வேறக்கா. அன்னிக்கு எனக்குக் கண்ணு நீங்கதானே."

 

"அடுத்த தடவைக்குச் சங்கத்துல வேற ஆள் கேட்டுக்கறேன்" என்றார் எலக்ட்ரீஷியன். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கடைசி மூடியையும் மாட்டி, விசிறியை நிமிர்த்தி வைத்து, கைகளைத் துடைத்துக்கொண்டார். "இனி பிளக்கைச் சொருகிப் பார்க்கணும்."

பிளக் அக்காவின் காலடியில் கிடந்தது. சுவரில் பிளக் சொருகும் இடம் அவர் கைக்கெட்டும் தூரம். அக்கா குனிந்து எடுத்துவிட்டார்.

"நீங்க உட்காருங்கக்கா" என்றார் அவர். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "கொஞ்சம் வந்து இதைச் சொருகு. சுவிட்ச் ஆஃப்ல இருக்கான்னு நீ பார்த்துச் சொல்லு."

மனைவி வந்தார். அக்காவின் கையிலிருந்த பிளக்கை வாங்கி, சுவிட்ச்சைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் சொருகினார், பிறகு சுவிட்ச்சைப் போட்டார். விசிறி சுற்ற ஆரம்பித்தது.