டைப் சத்தம் நின்ற இடங்கள்

என் அண்ணனைப் போல ஒரு கல்லுளிமங்கனை எங்கேயும் பார்க்க முடியாது. இருபத்திரண்டு நாவல்களில் ஊரையே சிரிக்க வைத்த மனுஷன், "நல்லா இருக்கா?" என்று யாரையும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர் எழுதுவார், நான் கூடத்தில் உட்கார்ந்து டைப் அடிப்பேன். உள்ளறையில் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பார். எனக்குச் சிரிப்பு வந்தால் விரல் நிற்கும். சத்தம் நின்றால் அவருக்குத் திருப்தி. ஒரு அத்தியாயம் முழுக்க நிற்காமல் ஓடிவிட்டால், "கிழிச்சுப் போடு" என்பார். முப்பது வருஷமாக எங்களுக்குள் நடந்த இலக்கிய விவாதம் இவ்வளவுதான்.

கடைசி அத்தியாயத்தைப் படுக்கையில் கிடந்தபடியே எழுதினார். இன்னும் ஒரு வாரம்தான் என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். அண்ணனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கதையில், செத்துப்போன ஒரு எழுத்தாளனுக்கு இரங்கல் கூட்டம். அவன் கிழிகிழியென்று கிழித்த பெரிய மனுஷர்கள் எல்லாரும் வந்து, "என் ஆருயிர் நண்பர்" என்று மூக்கைச் சிந்துகிறார்கள். முதல் வரிசையில் அவன் தங்கை, மைக்கை எப்போது பிடுங்கலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். பாவி மனுஷன், எல்லாம் தெரிந்துதான் எழுதியிருக்கிறார்! எனக்கு அழுகை வந்துவிட்டது. நிறுத்தினால் விசும்பல் உள்ளே கேட்டுவிடும். பதினோரு பக்கத்தையும் அழுதுகொண்டே, ஒரு இடத்திலும் நிற்காமல் அடித்துத் தள்ளினேன்.

"ஒரு இடத்துலகூட நிக்கலயே," என்றார் உள்ளேயிருந்து.

"நல்லாத்தான் இருக்குண்ணே."

"சும்மா சொல்லாத. கிழிச்சுப் போடு."

அழுதேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். காலையில் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று, அவர் காதில் விழும்படி ஒரு பழைய செய்தித்தாளைக் கிழித்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

காலையில் எழுப்பப் போனேன். போய்ச் சேர்ந்திருந்தார். என் கையிலிருந்து அவர் கடைசியாகக் கேட்டது அந்தத் தாள் கிழிபடும் சத்தம்தான்.

இரங்கல் கூட்டத்துக்கு அதே பெரிய மனுஷர்கள் வந்தார்கள். அதே "ஆருயிர் நண்பர்". பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். மைக்கைப் பிடுங்கி, அந்த அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து வாசித்தேன். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார். அப்புறம் அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. ஆருயிர் நண்பர்கள்கூடச் சிரித்துத் தொலைத்தார்கள். ஒவ்வொரு முறையும் சிரிப்பு அடங்கும்வரை நான் நிற்க வேண்டியிருந்தது. எண்ணிக்கொண்டே வந்தேன்.

வீடு திரும்பியதும் நேரே உள்ளறைக்குப் போனேன். கதவைப் பிடித்துக்கொண்டு, காலிக் கட்டிலைப் பார்த்துச் சொன்னேன்:

"பதினாலு இடத்துல நின்னுச்சுண்ணே."