இரண்டாவது ஒயர்

தொலைபேசியை விளக்காக்குகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஐம்பது வருஷம் மனுஷக் குரலைச் சுமந்த சாமானின் வயிற்றைக் கிழித்து, மணியைப் பிடுங்கிப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டு, நடுமண்டையில் ஓட்டை போட்டுப் பல்பைச் செருகி, மேலே ஒரு துணிக்குடையையும் கவிழ்த்தால் அதற்குப் பேர் அலங்காரமாம். அதை மறுபடி தொலைபேசியாக்குவதுதான் என் பிழைப்பு.

எங்கள் ஊரில் இந்த அக்கிரமத்தில் முக்கால்வாசி ஒரே கையின் வேலை. ஆளைப் பார்த்ததில்லை, ஆனால் கையைத் தெரியும். ஓட்டையின் விளிம்பை உப்புத்தாளால் வழவழவென்று தேய்த்திருப்பான், உள்ளே ஒயருக்கு இரட்டை முடிச்சு போட்டிருப்பான். விளக்குக்காரன் என்று நானே பேர் வைத்து, பதினைந்து வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலையில் ஒரு அம்மாள் கடைக்கு வந்தாள். ஐம்பது வயதிருக்கும். கோழியைக் கழுத்தில் பிடித்துத் தூக்குவதுபோல ஒரு விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தாள். தன் அப்பாவின் போன், பழையபடி ஆக்கித் தரவேண்டும் என்றாள். கவிழ்த்துப் பார்த்தேன். அதே இரட்டை முடிச்சு. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம்.

"இது எவன் வேலைன்னு எனக்கு நல்லாத் தெரியும்மா. அவன் கை விளங்காமப் போக" என்றேன்.

"அது போயாச்சு" என்று சொல்லிச் சிரித்தாள். தமாஷ் என்று நினைத்து நானும் சிரித்தேன்.

ரிசீவரைத் தூக்கினால் பல்பு எரிகிற மாதிரி, ரிசீவரை வைக்கும் கொக்கியையே சுவிட்சாக்கியிருந்தான். கெட்டிக்காரத்தனம்தான், மனசுக்குள் ஒப்புக்கொண்டேன். கூடவே இன்னொன்றும் இருந்தது. போனின் முதுகில் தனியாக ஒரு சின்ன ஓட்டை போட்டு, அதன் வழியாக மெல்லிசாக இரண்டாவது ஒயர் ஒன்று வெளியே வந்து, ஒரு சாண் தள்ளிக் கத்தரியால் வெட்டுப்பட்டிருந்தது. அது எங்கே போனது, எதற்கு என்று வேறு யாராவது கேட்டிருப்பார்கள். நான் கேட்கவில்லை. விளக்காக்குகிறவன் செய்ததில் ஒரு ஒயரையும் மிச்சம் வைக்கக்கூடாது என்பது என் தொழில் தர்மம். அரைகுறைப் பயல் என்று முனகிக்கொண்டே எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டேன்.

மூன்று வாரம் வேலை. செத்துப்போன இன்னொரு போனிலிருந்து மணி எடுத்துப் பொருத்தினேன். இரண்டு ஓட்டைகளையும் கறுப்புப் பொடியும் பசையும் குழைத்து அடைத்து, இரண்டு நாள் மெருகு போட்டேன். நகத்தால் தடவினாலும் தட்டாது. சத்தியமாகச் சொல்கிறேன், என் கையிலிருந்து அதைவிட நல்ல வேலை வந்ததில்லை.

அவள் வீட்டில் கொண்டுபோய்ப் பொருத்தினேன். கூடத்தில் சும்மா கிடந்த போன் இணைப்பைக் கடைசி அறைக்கு இழுக்கச் சொன்னாள். அங்கே கட்டிலில் இன்னொரு அம்மாள் படுத்திருந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, வலது கை போட்டது போட்டபடி கிடந்தது. அலமாரியில் துளை போடும் மெஷினும் உப்புத்தாள் கட்டும் தூசி படிந்து இருந்தன.

"எங்கக்கா. நீங்க திட்டினீங்களே, அந்த ஆளு இவதான்" என்றாள் தங்கை.

அப்பா போனபிறகு அக்கா விளக்கு செய்து விற்றுத்தான் தன்னைப் படிக்கவைத்தாள் என்று, யார் வீட்டுக் கதையையோ சொல்வதுபோலச் சொன்னாள். பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாம். காது கேட்கும், எல்லாம் புரியும், பேச்சு மட்டும் வராதாம்.

கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் போனை வைத்தேன். அக்கா இடது கையால் ரிசீவரைத் தூக்கினாள். காதில் வைக்கவில்லை. வாசலுக்கு வெளியே சமையலறைப் பக்கம் பார்த்தாள். நானும் பார்த்தேன். சமையலறைக் கதவுக்கு மேலே சின்னதாக ஒரு சிவப்பு பல்பு. அதிலிருந்து சுவரோடு இறங்கிவந்த மெல்லிய ஒயர் பாதியில் வெட்டுப்பட்டுத் தொங்கியது. அக்கா ரிசீவரை வைத்தாள். மறுபடி தூக்கினாள், மறுபடி பல்பைப் பார்த்தாள். மூன்றாவது தடவை என்னைப் பார்த்தாள்.

"இவ படுத்தப்புறம், கூப்பிடறதுக்குன்னு ஆளை விட்டுப் போட்ட பல்பு. ஒரு நாளைக்கு நாப்பது தடவை எரியும்" என்றாள் தங்கை. "தண்ணி வேணும், தலகாணி நகந்துடுச்சு, மூக்குல ஈ உக்காந்திருக்கு. கழுவுற கைய ஈரத்தோட விட்டுட்டு ஓடணும். இப்ப போனே வெச்சுக் குடுத்துட்டேன், இனி யாரும் குறை சொல்ல முடியாது."

"அவங்களால பேச முடியாதே" என்றேன்.

"முடியாதுதான்" என்றாள், ரொம்ப சாதாரணமாக.

பத்து நிமிஷ வேலை. முதுகில் திரும்பத் துளை போட்டு, அந்த இரண்டாவது ஒயரை இழுத்துச் சேர்த்தால் முடிந்தது. மெஷின்கூட அலமாரியிலேயே இருந்தது. நான் செய்யவில்லை. தங்கைக்குப் பயந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அது பொய். அவ்வளவு மெருகு போட்ட முதுகில் மறுபடி ஓட்டை போட மனசு வரவில்லை, அதுதான் நிஜம். வழக்கப்படி டயலின் நடுவிலிருக்கும் வட்டக் காகிதத்தில் என் கடை நம்பரை எழுதினேன். என் மொபைலிலிருந்து அடித்து மணியைக் கேட்டேன். கட்டிலில் கிடந்த உடம்பு தூக்கிவாரிப்போட்டது. மணி மட்டும் கணீரென்று இருந்தது.

மறுநாள் பதினோரு மணிக்குக் கடையில் போன் அடித்தது. என் கடைப் போனும் நானே சரிசெய்த பழைய கறுப்புப் போன்தான். ஹலோ ஹலோ என்று கத்தினேன். பதில் இல்லை. இழுத்து இழுத்து விடுகிற மூச்சு மட்டும் கேட்டது. இடது கையால், துளைத் துளையாக விரல் விட்டு, அந்த வட்டக் காகிதத்தில் இருந்த நம்பரைச் சுற்றியிருக்கிறாள். உடனே தங்கையின் மொபைலுக்கு அடித்துச் சொன்னேன். பார்க்கிறேன் என்றாள். அன்று ஏழு தடவை வந்தது. ஏழு தடவையும் சொன்னேன். மறுநாள் பதினான்கு. மூன்றாம் நாள் தங்கை முழுதாகப் பேசவிடவில்லை.

"ரெண்டு வருஷம் நான் ஓடினேன். உங்களுக்கு மூணு நாளே தாங்கல, இல்ல? எடுக்காதீங்க. எடுக்கிற வரைக்கும்தான் அடிப்பா. இல்லேன்னா நீங்களே வந்து துடைச்சு விடுங்க."

அன்று சாயங்காலம் வந்ததை எடுத்தேன். மூச்சோடு சேர்ந்து தொண்டைக்குள்ளிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. இனிமேல் இங்கே அடிக்காதீங்கம்மா, எனக்கு வேலை இருக்கு என்றேன். ஹலோவைத் தவிர அந்த அக்காவிடம் நான் பேசிய ஒரே பேச்சு அதுதான். அதற்குப் பிறகும் அடித்துக்கொண்டுதான் இருந்தாள். நான் எடுப்பதை விட்டுவிட்டேன்.

நேற்று கடையில் ஒரு வாடிக்கையாளர் நிற்கும்போது அடித்தது. கையில் இரட்டை முடிச்சு விளக்கு ஒன்றை வைத்துக்கொண்டு, வேலை எப்படி இருக்குமோ என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"எடுக்கலையா?" என்றார்.

"வேணும்னுதான் அடிக்க விட்டிருக்கேன் சார். மணி எப்படி இருக்குன்னு நீங்களே கேளுங்க" என்றேன்.

அது நிற்க ரொம்ப நேரமாயிற்று. தலையை ஆட்டி ஆட்டி முழுக்கக் கேட்டுவிட்டு, அவர் தன் விளக்கை என் மேசைமேல் வைத்தார்.