ஏம்பலத்து மாடுகள்

கட்டுரையை அனுப்பும்போது நாகராஜ் உயிரோடு இருந்தான். கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில், ஜன்னலை ஒட்டிய கட்டிலில் தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்திருந்தான். சரிதா ஸ்டூலில் உட்கார்ந்து, மடிக்கணினியைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, ஆய்விதழின் இணையதளத்தில் கேட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டிருந்தாள். வார்டில் சிக்னல் வந்து வந்து போனது. பாதி நிரப்பியதும் பக்கம் மறைந்துபோய், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. நாகராஜுக்கு அது சிரிப்பாக இருந்தது. அப்போதெல்லாம் அவன் சிரிப்பதே அபூர்வம் என்பதால் சரிதாவும் கோபப்படாமல் திரும்பத் திரும்ப நிரப்பினாள்.

இரண்டு பேரும் கால்நடை மருத்துவம் ஒன்றாகப் படித்தவர்கள். பிறகு பேராசிரியர் கிருஷ்ணசாமியிடமே முனைவர் பட்டத்துக்கும் சேர்ந்தார்கள். கட்டுரை நாகராஜின் ஆய்விலிருந்து வந்தது. கறவை மாடுகளுக்கு வெளியே தெரியாமல் வரும் மடிநோய் ஒன்று உண்டு. மடி வீங்காது, பாலின் நிறம் மாறாது, ஆனால் பால் மட்டும் குறைந்துகொண்டே போகும். கறந்து முடித்ததும் காம்புகளை அயோடின் கரைசலில் நனைத்துவிட்டால் அந்த நோய் வராமல் தடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி. புதுச்சேரியைச் சுற்றி ஏம்பலம் முதலான நான்கு ஊர்களில் மாடுகளைத் தேர்ந்தெடுத்து, பாதிக்கு நனைத்தும் பாதிக்கு நனைக்காமலும் மாதாமாதம் பால் மாதிரி எடுத்துப் பார்த்திருந்தான். ஊர்களுக்குப் போனதும், ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து நுண்ணோக்கியில் எண்ணியதும் அவன். கணக்குப் போட்டு அட்டவணை ஆக்கியது சரிதா. கட்டுரையில் மூன்று பெயர்கள் இருந்தன. நாகராஜின் பெயர் முதலில், பேராசிரியரின் பெயர் கடைசியில்.

கடைசிப் பக்கத்தில் ஓர் உறுதிமொழி வந்தது. தரவுகள் அனைத்தும் உண்மையாகத் திரட்டப்பட்டவை என்று ஆசிரியர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். சரிதா அதை வாய்விட்டுப் படித்தாள். நாகராஜ் ஜன்னல் பக்கம் திரும்பி, கீழே பஸ்ஸிலிருந்து இறங்கி வரும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் தண்ணீர் கேட்டான். குடித்துவிட்டு, "டிக் பண்ணு" என்றான். அவள் செய்தாள்.

அவனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போயிருந்தன. ஆய்வு முடிகிற சமயத்தில் ஆய்வகத்தில் மயங்கி விழுந்த பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. தனக்கும் அப்போதுதான் தெரியும் என்று சொன்னான். வாரத்துக்கு இரண்டு முறை ரத்தச் சுத்திகரிப்பு செய்தார்கள். அம்மாவின் சிறுநீரகத்தைப் பொருத்தலாமா என்று பரிசோதித்துக்கொண்டிருந்தபோதே காய்ச்சல் கண்டது. நுரையீரலில் தொற்று என்றார்கள். ஆடி மாதக் கடைசியில் இறந்துபோனான்.

வைத்திக்குப்பத்தில் கடலுக்குப் பக்கத்துச் சந்தில் அவன் வீடு. அப்பா அவன் சிறுவனாக இருந்தபோதே இறந்துவிட்டார். அம்மா தனம் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றுப் படிக்கவைத்தாள். அந்தக் குப்பத்தில் முதல் டாக்டர் அவன்தான். மாட்டு டாக்டர் என்று யாராவது சொன்னால் தனம் திருத்த மாட்டாள். எந்த டாக்டராயிருந்தால் என்ன என்கிற பெருமை அவளுக்கு. காரியம் முடிந்த பிறகு சரிதா மார்க்கெட் பக்கம் போகும்போதெல்லாம் தனம் அவளை நிறுத்திக் கேட்பாள், பையன் எழுதியது புத்தகத்தில் வந்துவிட்டதா என்று. வந்ததும் ஒரு பிரதி வேண்டும், அவன் படத்துக்குக் கீழே சட்டம் போட்டு மாட்டப்போகிறேன் என்பாள். இன்னும் கொஞ்ச நாளாகும் என்று சரிதா சொல்லிவந்தாள்.

ஆய்விதழிடமிருந்து பதில் வந்தது. நிராகரிக்கவில்லை. திருத்தி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். கிருஷ்ணசாமி அவளைக் கூப்பிட்டுக் கைகுலுக்கினார். இதழுக்காகக் கட்டுரையைப் படித்துப் பார்த்த இருவரில் முதல் மதிப்பீட்டாளர் மொழிநடையில் சில குறைகள் சொல்லியிருந்தார். இரண்டாமவரின் கடைசிக் கேள்விதான் சரிதாவுக்கு உறுத்தியது. மற்ற மூன்று ஊர்களிலும் ஆய்வின் நடுவில் சில மாடுகள் விற்கப்பட்டிருக்கின்றன, சில பால் வற்றிப்போயிருக்கின்றன. ஏம்பலத்தில் மட்டும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரு மாடுகூடக் குறையவில்லையே, எப்படி என்று கேட்டிருந்தார்.

சரிதா அதுவரை அதைக் கவனித்ததே இல்லை. நாகராஜ் கொடுத்த எண்களை அப்படியே கணினியில் ஏற்றியவள் அவள். ஏம்பலம்தான் நான்கில் தூரமான ஊர். மருந்து மிக நன்றாக வேலை செய்ததும் அங்கேதான். மற்ற மூன்று ஊர்களில் பெரிய வித்தியாசம் இல்லை. கட்டுரையின் முடிவே ஏம்பலத்து மாடுகளை நம்பித்தான் நின்றது.

நேரில் போய் விசாரித்தால் பதில் எழுத வசதியாயிருக்கும் என்று நினைத்து ஒரு காலை ஸ்கூட்டியில் கிளம்பினாள். சந்தேகத்தோடு போனாள் என்று சொல்ல முடியாது. மனிதர்கள் நன்றாக ஒத்துழைத்தார்கள், யாரும் மாட்டை விற்கவில்லை என்று இரண்டு பேர் சொன்னால் போதும் என்றுதான் போனாள்.

அன்னக்கிளியின் வீடு ஏரிக்கரைக்கு இறக்கத்தில் இருந்தது. ஆய்வில் அவளுடைய இரண்டு கலப்பின மாடுகள் சேர்க்கப்பட்டிருந்தன. சரிதா போனபோது கொட்டகையில் ஒன்றுதான் நின்றது. இன்னொன்று மேய்ச்சலுக்குப் போயிருக்கிறதா என்று கேட்டாள்.

"அது செத்துப் பூட்டுதும்மா. போன வருசம் அடிச்ச புயல்ல கொட்டாய் சாஞ்சி மேல விழுந்துடுச்சி. கன்னு வயித்துல இருந்துச்சி."

கார்த்திகையில் அடித்த அந்தப் புயலைச் சரிதாவுக்கு நன்றாக நினைவிருந்தது. புதுச்சேரியே தண்ணீரில் கிடந்தது. அட்டவணையில் அன்னக்கிளியின் இரண்டு மாடுகளும் மாசிவரை பால் கொடுத்திருந்தன.

டாக்டர் தம்பி அதற்குப் பிறகு வந்தாரா என்று கேட்டாள். தீபாவளிக்கு முன்னால் வந்ததுதான் என்றாள் அன்னக்கிளி. நல்ல பிள்ளை, வந்தால் மாட்டின் நெற்றியைச் சொறிந்துவிட்டுத்தான் மடியைத் தொடும், கடைசித் தடவை முகமெல்லாம் ஊதிப்போய் வந்தது, மோர் கொடுத்தேன், வாந்தி எடுத்துவிட்டது, அப்புறம் வரவில்லை, வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டதா என்று கேட்டாள். சரிதா அவன் இறந்துவிட்டான் என்று சொன்னாள். அன்னக்கிளி கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டுவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

அந்த ஊரில் இன்னும் சில வீடுகளுக்குச் சரிதா போனாள். தீபாவளிக்குப் பிறகு அவன் வரவே இல்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். திரும்பும் வழியில் வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்தினாள். அவன்மேல் கோபப்பட வேண்டும் என்று நினைத்தாள், வரவில்லை. உறுதிமொழியைப் படித்தபோது தண்ணீர் கேட்ட அந்த முகம்தான் வந்தது. அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அழுதாள்.

கிருஷ்ணசாமியிடம் மறுநாள் சொன்னாள். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, மாட்டுக்காரர்கள் நன்றாக ஒத்துழைத்தார்கள் என்று ஒரு வரி எழுதினால் மதிப்பீட்டாளர் ஒத்துக்கொள்வார் என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. நாகராஜுக்காக ஆஸ்பத்திரியில் பலமுறை காத்துக்கிடந்தவர்.

"அந்தப் பையன் பேரு இருக்கப்போறது இது ஒண்ணுலதான் சரிதா. வேற என்ன இருக்குது அவனுக்கு? அத நாமளே அழிக்கணுமா?"

"இதப் படிச்சிட்டு நாளைக்கு எல்லாரும் இந்த மருந்த வாங்குவாங்க சார். அன்னக்கிளிய மாதிரி இருக்கறவங்கதான் வாங்குவாங்க. அது வேலை செய்யுதுன்னு நமக்கே தெரியாது."

 நான் யோசித்துச் சொல்கிறேன் என்று அவர் அனுப்பிவிட்டார். அடுத்தடுத்த நாட்களில் வராந்தாவில் எதிரே வந்தால்கூட முகம் கொடுக்கவில்லை. சரிதாவின் பட்டமும் அவர் கையில்தான் இருந்தது. வீட்டில் அப்பாவிடம் சொன்னபோது, செத்தவனைத் தோண்டி எடுப்பதில் உனக்கென்ன லாபம் என்று கேட்டார். அவளுக்கும் அந்தக் கேள்வி இருந்தது. ஒரு நாள் இரவு, ஒத்துழைத்தார்கள் என்கிற அந்த வரியை எழுதியும் பார்த்தாள். நல்ல ஆங்கிலத்தில், குறையொன்றும் இல்லாமல் வந்தது. அதைப் பார்த்துப் பயந்துபோய் அழித்தாள்.

வாரக் கடைசியில் கிருஷ்ணசாமியே கூப்பிட்டனுப்பினார். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக இதழின் ஆசிரியர் குழுவுக்கு எழுதிய கடிதம் அவர் கணினித் திரையில் இருந்தது. ஒரு ஊரின் தரவுகளைச் சரிபார்க்க முடியவில்லை என்று மட்டும் எழுதியிருந்தார். நாகராஜின் பெயரைக் காரணத்தில் இழுக்கவில்லை. அனுப்பும் பொத்தானை அழுத்தியபின் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் ஒரு தரம்கூட அவனோட அந்த ஊருக்குப் போகல. போயிருந்தா அவன் மூஞ்சி ஊதியிருந்ததப் பாத்திருப்பேன்" என்றார்.

இனி தனத்திடம் சொல்ல வேண்டும். இதழில் இடம் கிடைக்கவில்லை என்று பொதுவாகச் சொல்லிவிடலாம் என்று முடிவுசெய்துதான் சரிதா வைத்திக்குப்பம் போனாள். சாயங்கால நேரம். தனம் மார்க்கெட்டிலிருந்து வந்து, விற்காத சங்கரா மீனை வாசலில் உட்கார்ந்து கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே சுவரில் நாகராஜ் பட்டமளிப்பு அங்கியில் இருந்தான். சரிதா அதைப் பார்த்தாள். சொல்ல நினைத்த பொய் வாயில் வரவில்லை.

நடந்ததைச் சொன்னாள். மெதுவாக, தனத்துக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். ஒரு ஊருக்குத் தீபாவளிக்குப் பிறகு அவன் போகவில்லை, போனதாக எழுதிவிட்டான், அதனால் புத்தகத்தில் வராது. தனம் கையை நிறுத்தவில்லை. மீன் எல்லாம் கழுவி முடிந்தபிறகும் அதே தண்ணீரில் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

"தீவாளி கழிச்சி ஆஸ்பத்திரிக்கு வந்துக்கினுதான் இருந்தானாம். அங்க இருந்த டாக்டரம்மா கடசில எங்கிட்ட சொன்னாங்க. அட்மிட் ஆவச் சொன்னாங்களாம், மாட்டேன்னுட்டானாம்."

ஏம்பலத்துக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பிய நாட்களில் அவன் எங்கே இருந்தான் என்று சரிதாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. கோரிமேட்டில், புறநோயாளிகள் வரிசையில், முகம் ஊதிப்போய் உட்கார்ந்திருந்திருக்கிறான். வெளியே தெரிந்தால் விடுப்பில் போகச் சொல்வார்கள், உதவித்தொகை நின்றுவிடும், ஆய்வு வேறொருவர் கைக்குப் போகும் என்று பயந்திருக்க வேண்டும்.

தனம் இன்னும் சொன்னாள். பால் மாதிரி எடுத்துவரும் தெர்மாகோல் பெட்டியை அவன் வண்டியில் கட்டிக்கொண்டு போவான். சாயங்காலம் அதைக் கழுவிக் கவிழ்ப்பது அவள்.

"மாட்டு வாடை அடிக்கும், பால் வாடை அடிக்கும். அப்புறம் சில நாளு ஒரு வாடையும் அடிக்கல. வேலைக்கிப் போவலன்னு எனக்குத் தெரிஞ்சிது பாப்பா. ஏதோ பொண்ணு கூடப் பழகறான், எங்கியோ போயி உக்காந்து பேசிக்கினு இருக்கான்னு நெனச்சேன். சந்தோசமா இருந்துச்சி எனக்கு. கேட்டா கூச்சப்படுவான்னு கேக்கல."

சரிதா அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். தனம் அழவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பானா என்று மட்டும் கேட்டாள். தெரியலம்மா என்றாள் சரிதா. தெரு விளக்குகள் எரியத் தொடங்கியதும் தனம் எழுந்து உள்ளே போய், அவளுக்கு டீ போட்டுக்கொண்டு வந்தாள்.

கிளம்பும்போது தனம் வாசல்வரை வந்து, மற்ற மூன்று ஊர்களுக்கும் அவன் போனானா என்று கேட்டாள். போனான் என்றாள் சரிதா. அதைச் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. ஏம்பலத்துக்குப் பிறகு அந்த மூன்று ஊர்களிலும் வீடு வீடாகப் போய் விசாரித்திருந்தாள். அவன் காலை இழுத்து இழுத்து நடந்துவந்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள்.

அந்த மூன்று ஊர்களை மட்டும் வைத்துச் சரிதா கட்டுரையை மறுபடி எழுதினாள். மருந்தால் குறிப்பிடத்தக்க பலன் காணப்படவில்லை என்பதுதான் அதன் முடிவு. பலன் இல்லை என்று சொல்லும் கட்டுரையை யாரும் விரும்பிப் போடுவதில்லை. ஒரு இதழ் படிக்காமலே திருப்பி அனுப்பியது. இன்னொன்று, புதிதாக ஒன்றும் இல்லை என்றது. கடைசியில் அதிகம் பேர் அறியாத ஓர் இதழ், சுருக்கிக் குறிப்பாகத் தந்தால் போடலாம் என்று ஏற்றுக்கொண்டது. கிருஷ்ணசாமி தன் பெயர் வேண்டாம் என்றார். ஏன் என்று சரிதா கேட்கவில்லை. நாகராஜின் பெயர் முதலில் இருந்தது.

அச்சுக்கு முன்னால் சரிபார்க்கச் சொல்லிப் படி வந்தது. எங்கோ உட்கார்ந்து அச்சுக் கோக்கிற யாரோ ஒருவர், ஓரத்தில் சில கேள்விகள் கேட்டிருந்தார். முதல் ஆசிரியரின் தற்போதைய முகவரியைத் தரவும் என்பது முதல் கேள்வி.  அந்தக் கட்டத்தில் சரிதா, அவர் காலமாகிவிட்டார் என்று எழுதினாள். அடுத்த கேள்வி இரண்டாம் அட்டவணையில் விட்டுப்போன ஒரு புள்ளியைப் பற்றியது. அதையும் சரிசெய்து அனுப்பினாள்.